முல்லைத்தீவுப் பிள்ளை உங்கள் மகளின் இடத்தை எடுத்தாளா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவு. நல்ல பெறுபேறு, ஆனால் மருத்துவம் மயிரிழையில் தப்பிவிட்டது. அவளைவிட இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி, குறைவாக எடுத்த முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்றுக்கு மருத்துவ பீடம் கிடைத்திருக்கிறது. “தரப்படுத்தல் இன்னும் இருக்குதா? நாடு முழுக்க ஒரே நாளில் ஒரே வினாத்தாள்தானே எழுதினவை. எல்லாருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி வைத்தால் என்ன?” என்பது அவருடைய கேள்வி.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இணைந்த கணிதம் படிப்பித்தவன் நான். பெறுபேறு வந்த கிழமைகளில் இந்தக் கேள்வியை வீட்டுப் படலையில் வைத்தே கேட்டிருக்கிறார்கள். நேராகப் பதில் சொல்வதென்றால், நீங்கள் நினைக்கிற தரப்படுத்தல் இப்போது இல்லை. இப்போது இருப்பது வேறு இரண்டு ஏற்பாடுகள்: இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும். மூன்றையும் நாங்கள் ஒரே சொல்லால் அழைப்பதால் ஒன்றின் மீதுள்ள கோபம் மற்றதன் மேல் விழுகிறது.

முதலில் அந்தப் பழைய கதை. 1970-இல் பல்கலைக்கழக அனுமதிக்கு நான்கு பாடம், மொத்தம் 400 புள்ளி. அந்த வருட அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 வேண்டும், சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 229 போதும் என்று வைத்தார்கள். பொறியியலுக்கு 250-உம் 227-உம். என் சித்தப்பா பொறியியலுக்கு 241 எடுத்தவர். சாகும் வரைக்கும் வீட்டுச் சாமான் வாங்கப் போனாலும் 241 என்ற எண்ணைக் கண்டால் முகம் மாறும். தமிழ்ப் பரீட்சகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அள்ளிப் போடுகிறார்கள் என்பது அன்றைக்குக் கிளம்பிய குற்றச்சாட்டு. அது நிரூபிக்கப்படவே இல்லை. வெட்டுப்புள்ளி மட்டும் மாறியது.

இரண்டு வெட்டுப்புள்ளி பார்வைக்கு அசிங்கமாக இருந்ததால் 1973-இல் அதற்குக் கணித உடுப்புப் போட்டார்கள். ஒவ்வொரு மொழிமூலத்திலும் எழுதியவர்களின் புள்ளிகளைத் தனித்தனியாக எடுத்து ஒரு பொது அளவுக்கு மாற்றினார்கள். எந்த மொழியில் எத்தனை பேர் எழுதினார்களோ அதே விகிதத்தில் அந்த மொழியில் இருந்து தெரிவும் வரும்படி அந்த மாற்றம் அமைந்தது. இதுதான் மொழிவாரித் தரப்படுத்தல். மறு வருடம், 1974-இல், அதற்கு மேலே மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. 1969-70-இல் மருத்துவத்திலும் பொறியியலிலும் கிட்டத்தட்டப் பாதி இடங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். 1970-களின் நடுவில் பொறியியலில் அது ஆறில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. 1977-இல் ஆட்சி மாறிய பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. இன்று உங்கள் மகள் தமிழில் எழுதினாள் என்பதற்காக அவளுக்கு ஒரு புள்ளியும் குறையவில்லை.

சரி, இசட் புள்ளி என்பது என்ன? அதுவும் தரப்படுத்தல்தான், கணிதத்தில் ஏறக்குறைய அதே சூத்திரம். அதனால்தான் குழப்பம். வித்தியாசம், அது மொழிகளை அல்ல, பாடங்களைச் சமன் செய்கிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, வழி உண்மையானது. பௌதிகவியலில் உங்கள் மகளுக்கு 71. அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய இடை, அதாவது சராசரி, 35. நியம விலகல், அதாவது புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற அளவு, 18. எழுபத்தொன்றில் முப்பத்தைந்தைக் கழித்துப் பதினெட்டால் வகுத்தால் 2. இரசாயனவியலில் 72, இடை 42, நியம விலகல் 20, ஆக 1.5. உயிரியலில் 74, இடை 50, நியம விலகல் 16, அதுவும் 1.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.6667. அவ்வளவுதான் இசட் புள்ளி. கவனியுங்கள், மூன்றில் மிகக் குறைந்த புள்ளி பௌதிகவியலில். ஆனால் அவளுக்கு அதிகம் பெற்றுத் தந்ததும் அதுதான், ஏனென்றால் அந்த வினாத்தாளில் எல்லாரும் விழுந்திருக்கிறார்கள்.

2001-க்கு முன்பு வெறும் மொத்தப் புள்ளிதான். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பாடம் தெரிவு செய்ததே எந்தப் பாடத்துக்குத் தாராளமாகப் புள்ளி போடுகிறார்கள் என்று விசாரித்துத்தான். ஒரு வருடம் பௌதிகவியல் வினாத்தாளைக் கடினமாக எடுத்துவிட்டால் அதை எழுதியவன் பாடு திண்டாட்டம். பேராதனையின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் தட்டில் முன்வைத்த இந்த முறை அந்த நோயைத் தீர்த்தது. அதில் குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் எழுதுகிற கூட்டம் ஒரே தரமானது என்று அது நம்புகிறது. கெட்டிக்காரர் மட்டுமே எடுக்கிற பாடம் ஒன்று இருந்தால், அங்கே சராசரியாக இருப்பதே பெரிய விஷயம், ஆனால் இசட் புள்ளி அவனுக்குப் பூச்சியம் போடும். என்றாலும் மொத்தப் புள்ளியைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். இதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் வாதாடுவேன்.

ஆனால் இந்தச் சூத்திரத்தின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. இடை என்கிறோமே, யாருடைய இடை? 2011 உயர்தரத்தில் இதே கேள்வியில்தான் நாடே மாட்டிக்கொண்டது. அந்த வருடம் முதல் தடவை எழுதியவர்களுக்குப் புதிய பாடத்திட்டம், திருப்பி எழுதியவர்களுக்குப் பழையது. வினாத்தாள்களே வேறு. ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒரு கூட்டமாகக் கலந்து இசட் புள்ளி போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் வழக்குக்குப் போனார்கள். 2012 யூனில் உயர்நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டையும் இரு வேறு குடித்தொகைகளாக, அதாவது தனித்தனிக் கூட்டங்களாக, எடுத்துத் திரும்பக் கணக்கிடச் சொன்னது. அந்த மாதங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருந்த இருப்பை நான் பார்த்தேன். பெறுபேறு கையில் இருக்கிறது, ஆனால் அது பெறுபேறா இல்லையா என்று தெரியாது. ஒருவன் மூன்றாம் தடவைக்குப் படிக்கவும் தொடங்கிவிட்டான், நிறுத்தவும் பயம்.

1973-இல் செய்த அநியாயமும் 2011-இல் விட்ட பிழையும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. முதலாவதில் ஒன்றாகப் பார்க்க வேண்டியவர்களைப் பிரித்தார்கள், இரண்டாவதில் பிரித்துப் பார்க்க வேண்டியவர்களைக் கலந்தார்கள். பரீட்சை ஒன்றா இரண்டா என்பதைவிட, யாரை யாரோடு நிறுத்தி ஒப்பிடுகிறோம் என்பதுதான் நியாயத்தின் இருப்பிடம். உங்கள் மகளையும் முல்லைத்தீவுப் பிள்ளையையும் பற்றிய கேள்விக்கும் இப்படித்தான் போக வேண்டும்.

இப்போதைய விதி இது. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு, அந்தந்த மாவட்டத்தின் சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பட்டியலிட்ட பதினாறுக்கு மேலதிகமாக. (1979-இல் இது 30, 55, 15 என்று இருந்தது.) இந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதை ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சொன்னால் கோபிக்கிறார்கள், நாங்கள் பின்தங்கியவர்களா என்று.

ஆயிரம் இடம் இருப்பதாக வைத்து, 2012 குடிசன மதிப்பீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 இடம் திறமைக்கு. மிச்சத்தில் முல்லைத்தீவின் 92 ஆயிரம் சனத்துக்கு எவ்வளவு வரும்? மூன்று. ஆயிரத்தில் மூன்று. யாழ்ப்பாணத்தின் 5 லட்சத்து 83 ஆயிரத்துக்கு ஏறக்குறைய பத்தொன்பது. கொழும்புக்கு அறுபத்து மூன்று. திறமை அடிப்படையில் முதலில் 400 பேரைத் தெரிந்துவிட்டு, அதில் வராதவர்களைத்தான் மாவட்டக் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே உங்கள் மாவட்டத்தில் முன்னணியில் நிற்கிற பிள்ளைகள் திறமைப் பட்டியலில் ஏறிவிட்ட பிறகு அந்தப் பத்தொன்பது இடம் அவர்களுக்கு அடுத்து நிற்பவர்களுக்கு.

இப்போது முல்லைத்தீவின் மூன்று இடத்தையும் பிடுங்கி அகில இலங்கைப் பட்டியலில் சேர்த்தால் அந்த மூன்றும் கொக்குவிலுக்கு வருமா? இருபத்தைந்து மாவட்டத்துக்கும் பொதுவாகப் போகும். மாவட்ட ஒதுக்கீட்டையே முழுதாக எடுத்துவிட்டால் யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதும் அதோடு போகும். அப்போது உங்கள் மகள் போட்டி போட வேண்டியது கொழும்பு, கண்டி, காலி என்று பெரிய பாடசாலைகளும் பெரிய ரியூசன் வகுப்புகளும் இருக்கிற நகரங்களோடு. லாபமா நட்டமா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். ஆனால் முல்லைத்தீவுப் பிள்ளையின் இடம் உங்கள் மகளுடையது அல்ல, அது மட்டும் நிச்சயம்.

யாழ்ப்பாணத்துக்கு வேறு ஒரு இடத்தில் உண்மையாகவே அடி விழுந்திருக்கிறது. ஒதுக்கீடு சனத்தொகையைப் பார்க்கிறது, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் தொகையை அல்ல. 1981-இல் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012-இல் ஒன்றரை லட்சம் குறைவு. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போன ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையை மட்டும் கொண்டுபோகவில்லை, ஊரில் விட்டுப்போன பிள்ளையின் பங்கிலும் ஒரு துளியைக் கொண்டு போயிருக்கிறது. போர் துரத்தியதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இசட் புள்ளியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இனி அந்த முல்லைத்தீவுப் பிள்ளை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, முல்லைத்தீவும் அடங்குகிற வன்னியில் ஒரு பாடசாலையில் மூன்று வருடம் இருந்தேன். உயிரியல் பிரிவில் இரண்டே இரண்டு பேர். தை மாதம் பௌதிகவியல் ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது, பதிலுக்கு ஒருவர் வந்தபோது புரட்டாதி. இடையில் எட்டு மாதம் அந்தப் பிள்ளைகள் பழைய வினாத்தாள் விடைகளைப் பார்த்துத் தாங்களாகவே படித்தார்கள். சனிக்கிழமைகளில் விடிய 4.45 பஸ்ஸில் வவுனியாவுக்கு ரியூசன். ஒருத்தி பஸ்ஸில் சத்தி எடுப்பாள் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போவாள், பின்னேரம் வந்துதான் சோறு. இரசாயனவியலில் அமில கார நியமிப்புப் படிக்கிறாள், அதற்கான அளவிக் குழாயைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஒருநாள் வெட்டுப்புள்ளி அட்டவணையை விரலால் கோடு பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு பெட்டியில் நின்றாள்.

“சேர், இதில புள்ளி இல்ல. என்.கியூ.சி. எண்டு போட்டிருக்கு.”

“தகுதி பெற்றவர் இல்லை எண்டு அர்த்தம்.”

“அந்த மாவட்டத்தில ஒருத்தருமே இல்லையா?”

அந்த அட்டவணையில் சில மாவட்டங்களுக்கு நேரே, சில கற்கைநெறிகளின் கீழ், இடம் இருக்கும், ஆள் இருக்காது. அவ்வளவு தூரத்துக்கு அங்கே பாடசாலையே இல்லை. இந்தப் பிள்ளை எடுத்த 1.2-ஐயும், காலையும் மாலையும் பெயர்பெற்ற ஆசிரியர்களின் வகுப்புக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் போய்வந்த பிள்ளையின் 1.7-ஐயும் பக்கத்தில் வைத்து, பின்னது கூடியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பரீட்சை ஒன்றுதான். அதற்கு முந்திய பதின்மூன்று வருடமும் ஒன்றல்ல.

இப்படிச் சொல்வதால் மாவட்ட ஒதுக்கீடு நியாயமானது என்று ஒப்புக்கொண்டேன் என நினைக்க வேண்டாம். எண்ணம் சரி, அளவுகோல் தடிப்பு. மாவட்டம் என்பது கச்சேரி, அதாவது அரசாங்க நிர்வாகம், நடத்துவதற்குக் கீறிய கோடு. அதற்குள் நகரமும் இருக்கிறது, காடும் இருக்கிறது. கொழும்பு மாவட்டத்துக் குப்பத்துப் பாடசாலையில் படிக்கிற பிள்ளை, கொழும்பு ஏழின் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு அந்த அறுபத்து மூன்றுக்கு அடிபட வேண்டும். திருகோணமலை நகரத்து டொக்டரின் மகன் பின்தங்கிய மாவட்டத்தவன் என்ற கணக்கில் வருவான். உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே பாருங்களேன், கடலுக்கு அப்பால் இருக்கிற நெடுந்தீவுப் பிள்ளையும் நகரத்தை ஒட்டிய நல்லூர்ப் பிள்ளையும் ஒரே வரிசை.

மிகப் பெரிய அநியாயம் நுவரெலியாவில் நடக்கிறது என்பேன். அந்த மாவட்டத்து ஏழு லட்சம் பேரில் பாதிக்கு மேல் தமிழர், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். சனத்தொகையை வைத்துத்தானே ஒதுக்கீடு? அந்தத் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், வாழ்கிற ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டுத்தான் மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று வருகிறது. ஆனால் தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் இருப்பது அபூர்வம். எண்ணிக்கைக்கு அந்தத் தலைகள், இடத்துக்கு வேறு தலைகள். மலையகத்தில் இருந்து வருகிற ஆசிரிய நண்பர்கள் இதைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தான் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கும். ஐம்பது வருடமாக எங்கள் அநியாயத்தையே பேசிவருகிறோம்.

மாவட்டம் தடிப்பாக இருப்பதால் சுழியர்களும் புகுந்து விளையாடுகிறார்கள். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்பதைத்தான் பார்ப்பார்கள். உடனே மகனை மன்னாரிலோ மொனராகலையிலோ ஒரு பாடசாலையில் பதிந்துவிட்டு, படிப்பு முழுக்கக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ. வரவுப் பதிவேட்டில் அவன் இருப்பான், வாங்கில் இருக்க மாட்டான். நான் இருந்த பாடசாலைக்கும் அப்படி ஒரு தகப்பன் காரில் வந்தார். அதிபர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். எல்லா அதிபரும் அப்படி அனுப்புவதில்லை.

என்ன செய்யலாம்? என் யோசனை இது. நாட்டில் ஏறக்குறைய பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள். அவற்றில் உயர்தர விஞ்ஞானம் நடக்கிற ஒன்று-ஏபி தரப் பாடசாலைகள் பத்தில் ஒன்று அளவுக்குத்தான். ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை வருடம் வெற்றிடம், ஆய்வுகூடம் உண்டா என்ற விபரம் எல்லாம் கல்வித் திணைக்களத்திடம் ஏற்கனவே இருக்கிறது. மாவட்டத்துக்குப் பதிலாகக் கல்வி வலயத்தையோ, அதைவிட நல்லதாகப் பாடசாலையையோ அலகாக எடுத்தால், நெடுந்தீவும் நல்லூரும் பிரியும், கொழும்புக் குப்பத்துப் பிள்ளைக்கும் கதவு திறக்கும், லயத்துப் பிள்ளையின் பங்கு லயத்துக்கே போகும். தமிழ்நாட்டில் 2020-இல் இருந்து மருத்துவ இடங்களில் 7.5 வீதத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறார்கள். அவர்கள் பார்த்தது மாவட்டத்தை அல்ல, பள்ளிக்கூடத்தை. எங்களிடம் ஏறத்தாழ எல்லாமே அரசாங்கப் பாடசாலை என்பதால் அதை அப்படியே எடுக்க முடியாது, அரசாங்கப் பாடசாலைகளுக்குள்ளேயே தரம் பிரிக்க வேண்டும். பிரித்தால் பெயர்பெற்ற பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் சும்மா இருக்காது. அதனால்தான் எந்த அரசாங்கமும் தொடுவதில்லை என்று நினைக்கிறேன்.

அடியில் கிடக்கிற விஷயம் இடப் பஞ்சம். தகுதி பெறுகிற பிள்ளைகளில் பெரும்பான்மைக்குப் பல்கலைக்கழகத்தில் இடமே இல்லாத நாட்டில் எந்தச் சூத்திரம் போட்டாலும் படலையில் வந்து அழுகிற தாய் ஒருவர் இருப்பார். அடுத்த வருடம் அது நெடுங்கேணியில் இருந்து வரும்.

உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை எழுதலாம், இது முதல் தடவை என்றால் அவளுக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. திருப்பி எழுதுவதானால், இந்த வருட வெட்டுப்புள்ளியை மேசைக்கு மேல் ஒட்டி வைத்துப் படிக்க விடாதீர்கள். பல பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள். அது அடுத்த வருடம் எழுதுகிற கூட்டத்தைப் பொறுத்து மாறுகிற எண், இலக்காகாது. மூன்று பாடத்தில் எது அவளை இழுத்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். மயிரிழையில் தப்பியது என்கிறீர்கள். ஒரு பாடத்தில் நியம விலகலில் ஒரு சின்னப் பங்கு கூடினாலே அந்த இடைவெளி அடைபடும், மூன்றையும் ஒரே அளவுக்குப் போட்டு உழைக்கத் தேவையில்லை. அதற்கிடையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைந்நூலை நீங்களே ஒருதடவை முழுதாக வாசியுங்கள், ரியூசன் வாசலில் கேட்டதை நம்பி விண்ணப்பம் நிரப்ப வேண்டாம். தெரிவுகளை எழுதுகிற ஒழுங்கில்தான் பார்ப்பார்கள். மருத்துவத்துக்குக் கீழே என்ன போடுவது என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லையென்றால், இன்று இரவு கேளுங்கள்.